வடிவம் சரி, பொருள் தப்பு: சிண்டாக்ஸ் என்பது எதுவரை?

பில்லில் தொகை தப்பாக வந்தால் சிண்டாக்ஸ் எரர். நிரல் பாதி ஓடி நின்றுபோனால் சிண்டாக்ஸ் எரர். சர்வரில் ஒரு கோப்பைத் திருத்தியும் மாற்றம் தெரியவில்லை என்றால் அதுவும் சிண்டாக்ஸ் எரர். நிரல் எழுதப் பழகும் மாணவர்களும், கடைக்கு பில்லிங் மென்பொருள் போட்டுக் கொடுப்பவர்களும் இந்த மூன்றுக்கும் ஒரே பெயரைத்தான் சொல்கிறார்கள். இந்த மூன்றில் ஒன்றுகூட சிண்டாக்ஸ் பிழையாக இல்லாமல் போகலாம். பெயர் தப்பினால் தேடும் இடமும் தப்பும். கணக்கில் இருக்கும் பிழைக்காக அடைப்புக்குறிகளை எண்ணிக்கொண்டு ஒரு மாலை முழுக்கப் போய்விடும்.

சிண்டாக்ஸ் என்றால் தொடரமைப்பு. எந்தக் குறிக்குப் பின் எந்தக் குறி வரலாம், எதைத் திறந்தால் எதை மூட வேண்டும் என்ற வடிவ விதிகள் அவ்வளவும் சேர்ந்ததுதான் அது. எழுதியது உண்மையா, பயன் உள்ளதா, கணக்கு சரியா என்பதெல்லாம் அதற்கு வெளியே.

ஜிஎஸ்டி எண்ணிலிருந்து தொடங்குவோம்

கோபாலபுரம் வழியாகப் பொள்ளாச்சிக்கும் பாலக்காட்டுக்கும் சரக்கு ஏற்றுபவர்களுக்கு ஜிஎஸ்டி எண் மனப்பாடம். அதற்கு 15 இடங்கள். முதல் 2 இடம் மாநிலக் குறியீடு: தமிழ்நாட்டுக்கு 33, கேரளத்துக்கு 32. அடுத்த 10 இடம் பான் எண். அதற்குள்ளும் முதலில் 5 எழுத்து, பிறகு 4 இலக்கம், கடைசியில் 1 எழுத்து என்ற ஒழுங்கு உண்டு. 13ஆவது இடம், அதே பான் எண்ணில் அந்த மாநிலத்தில் எடுத்த எத்தனையாவது பதிவு என்பதைச் சொல்லும். 14ஆவது வழக்கமாக இசட். 15ஆவது, முன்னால் உள்ள 14ஐயும் வைத்துக் கணக்கிட்ட சரிபார்ப்புக் குறி.

ஒருவர் 14 இடம் மட்டும் எழுதிக் கொடுத்தால், யாருடைய எண் என்று தேடவே வேண்டாம். வடிவமே இல்லை. பான் பகுதியில் இலக்கம் வர வேண்டிய இடத்தில் பூஜ்யத்துக்குப் பதில் ஆங்கில ஓ எழுத்தைப் போட்டாலும் அப்படித்தான். இவை சிண்டாக்ஸ் பிழைகள்.

இனி இன்னொரு நிலை. எண்ணின் வடிவம் கச்சிதம், சரிபார்ப்புக் குறியும் ஒத்துப்போகிறது. ஆனால் அந்த வியாபாரிக்குக் கேரளத்தில் ஒரு பதிவு, தமிழ்நாட்டில் ஒரு பதிவு. தமிழ்நாட்டிலிருந்து கேரளத்துக் கொழிஞ்சாம்பாறைக் கடைக்குப் போகும் சரக்குக்குப் பொள்ளாச்சிக் கடையின் எண்ணைப் போட்டுவிட்டார்கள். மாநிலம் தாண்டும் சரக்குக்கு ஐஜிஎஸ்டி வர வேண்டும். பில்லில் உள்மாநில விற்பனை போல சிஜிஎஸ்டியும் எஸ்ஜிஎஸ்டியும் ஏறி நிற்கும். வடிவத்தைச் சோதிக்கும் எந்த மென்பொருளும் இதற்கு வாய் திறக்காது. இது பொருள் பிழை.

பள்ளி இலக்கணத்தில் படித்தது இங்கே உதவும். "வந்தான் அவன் ஐ" என்பது தொடராகவே அமையவில்லை. "அவன் வந்தாள்" என்பதில் எழுவாய் இருக்கிறது, பயனிலை இருக்கிறது, அமைப்பு நிற்கிறது. ஆனால் பால் வழு. "நேற்று வருவான்" கால வழு. நிரலிலும் அமைப்புக் குலைவது ஒரு சங்கதி, அமைப்பு நின்றபிறகு வழு வருவது வேறு சங்கதி.

இதுவரை பார்த்தது: வடிவம் குலைந்தால் சிண்டாக்ஸ் பிழை. வடிவம் நின்று, சொன்ன செய்தி தப்பானால் பொருள் பிழை. இயந்திரம் தானாக உறுதியாகப் பிடிப்பது முதலாவதைத்தான்.

இயந்திரம் எப்படிப் படிக்கிறது

பைத்தான் என்ற நிரல் மொழியின் 3ஆவது பதிப்பில், மதிப்புகளை வைத்திருக்கும் மாறிகளுக்குத் தமிழிலேயே பெயர் வைக்கலாம். ஆகவே இந்த வரி அப்படியே ஓடக்கூடிய பைத்தான் வரி (மூன்று மதிப்புகளையும் முன்னதாகக் கொடுத்திருந்தால்):

தொகை = விலை * எண்ணிக்கை + வாடகை

இதை இயந்திரம் ஒரே மூச்சில் படிப்பதில்லை. முதலில் எழுத்துகளைச் சேர்த்துத் துண்டுகளாக்குகிறது. ஒவ்வொரு துண்டுக்கும் டோக்கன் என்று பெயர். மேலே உள்ள வரியில் தொகை, =, விலை, *, எண்ணிக்கை, +, வாடகை என்று 7 டோக்கன்கள். நாம் வாசிக்கும்போது எழுத்தெழுத்தாகக் கூட்டாமல் சொல்லாகப் பார்ப்பது போலத்தான் இதுவும்.

இந்தக் கட்டத்திலேயே புதியவர்கள் அடிக்கடி இடறுவது பெயரில் இடைவெளி விடும்போது. "வண்டி வாடகை = 2500" என்று எழுதினால் நமக்கு அது ஒரே பெயர். இயந்திரத்துக்கு "வண்டி" ஒரு டோக்கன், "வாடகை" இன்னொரு டோக்கன். இரண்டு பெயர்கள் நடுவில் எதுவும் இல்லாமல் அடுத்தடுத்து வர விதி இடம் கொடுக்காது. "வண்டி_வாடகை" என்று அடிக்கோடு போட்டு ஒட்டினால் ஒரே டோக்கன்.

இரண்டாவது கட்டத்தில், டோக்கன்களை விதிகளோடு ஒப்பிட்டு ஒரு மரம் போலக் கட்டுகிறது. இந்த வேலையைச் செய்யும் பகுதிக்குப் பார்சர் என்று பெயர். எது எதனோடு சேர்கிறது என்பதை மரம்தான் முடிவு செய்கிறது. தேங்காய் ஒன்றின் விலை 30, எண்ணிக்கை 1000, வண்டி வாடகை 2500 என்று வைத்துக்கொள்ளுங்கள். பெருக்கல் முதலில் சேர்ந்து ஒரு கிளையாகி, அதோடு வாடகை கூடுகிறது: 32,500. எண்ணிக்கையும் வாடகையும் முதலில் சேர வேண்டும் என்று அடைப்புக்குறி போட்டிருந்தால் மரம் மாறிவிடும்: 30 * 3500, அதாவது 1,05,000. பெயர்களும் குறிகளும் ஒன்றே. மரம் வேறானதால் விடை வேறு. இரண்டுமே சிண்டாக்ஸில் சரி என்பதைக் கவனியுங்கள். வாடகையையும் தேங்காய் விலையால் பெருக்கிப் போட்ட பில் தப்பு என்று பார்சருக்குத் தெரியாது.

இந்த வடிவ விதிகளைக் கணக்குச் சூத்திரம் போல எழுதி வைக்கும் முறையை ஜான் பேக்கஸ் 1959இல் முன்வைத்தார். 1960இல் வந்த அல்கால் மொழியின் அறிக்கையில் பீட்டர் நாவர் அதைச் செப்பனிட்டுப் பயன்படுத்தினார். இன்றும் பல மொழிகளின் விதிப்புத்தகம் ஏறக்குறைய அதே சாயலில்தான் இருக்கிறது.

மரம் முழுதாக எழுந்தபிறகுதான் ஓட்டம். அதனால்தான் பைத்தான் கோப்பின் கடைசி வரியில் ஒரு அடைப்புக்குறி விடுபட்டால் முதல் வரிகூட ஓடுவதில்லை. இது நல்ல அடையாளம். நிரல் பாதி வேலை செய்துவிட்டு நின்றது என்றால், அந்தக் கோப்பின் சிண்டாக்ஸ் சரியாகத்தான் இருந்திருக்கிறது. பிழை வேறெங்கோ. உதாரணம்: விலையை மேற்கோள்குறிக்குள் "30" என்று எழுதிவிட்டு அதை 3ஆல் பெருக்கினால் பைத்தான் 90 தராது, எழுத்தை மூன்று முறை ஒட்டி 303030 தரும். அதே "30" உடன் 5ஐக் கூட்டச் சொன்னால் வகை பொருந்தவில்லை என்று ஓடும்போது நிற்கும். இரண்டிலும் தொடரமைப்பில் குற்றம் இல்லை.

சுருக்கமாக: எழுத்து டோக்கன் ஆகிறது, டோக்கன்கள் மரம் ஆகின்றன, மரம் ஓடுகிறது. முதல் இரண்டு கட்டத்தில் முறிவதுதான் சிண்டாக்ஸ் பிழை.

சொன்ன வரியில் பிழை இருக்காது

பிழைச் செய்தி ஒரு வரி எண்ணைக் காட்டும். சில நேரம் அந்த வரியை எத்தனை முறை படித்தாலும் ஒன்றும் தெரியாது. காரணம் எளிது: இயந்திரம் காட்டுவது தான் திகைத்து நின்ற இடத்தை. பிழை பிறந்த இடம் அதற்கு முன்னால் இருக்கலாம்.

விலை = {"பொள்ளாச்சி": 30, "சித்தூர்": 31,
வாடகை = செலவு()

முதல் வரியில் திறந்த நெளிவு அடைப்பு மூடப்படவில்லை. ஆனால் முதல் வரி முடியும்வரை பார்சருக்குச் சந்தேகமே வராது. பட்டியல் அடுத்த வரியிலும் தொடரலாம் அல்லவா? இரண்டாவது வரியில் சமக்குறி வந்தபோதுதான் முட்டிக்கொள்கிறது. பைத்தான் 3.9 வரை, குற்றமே செய்யாத இரண்டாவது வரியைத்தான் சுட்டிக்காட்டும். 2021இல் வந்த 3.10 முதல், திறந்த அடைப்பு மூடப்படவே இல்லை என்று முதல் வரியைக் காட்டுகிறது. பழைய பதிப்பு இருக்கும் கணினியில் படிப்பவர்கள் இதை நினைவில் வைக்க வேண்டும்: காட்டிய வரியில் ஒன்றும் இல்லையென்றால் மேலே ஏறுங்கள். ஒன்றிரண்டு வரி முன்னால் மூடாத அடைப்பு, மூடாத மேற்கோள்குறி, விடுபட்ட முக்காற்புள்ளி இந்த மூன்றில் ஒன்று பெரும்பாலும் உட்கார்ந்திருக்கும்.

இன்னொன்று. 20 பிழைகள் ஒன்றாக வந்தால் முதலாவதை மட்டும் சரிசெய்துவிட்டு மறுபடி ஓட்டுங்கள். ஒரு அடைப்பு தவறினால் அதன்பின் வரும் எல்லாமே இயந்திரத்துக்குக் கோணலாகத் தெரியும். மற்ற 19 பெரும்பாலும் அந்த ஒன்றின் நிழல்.

பட்டியும் வெள்ளமும்

கொழிஞ்சாம்பாறைப் பக்கம் இரண்டு மொழியும் புழங்குபவர்களுக்கு இது புதிதல்ல. தமிழில் வெள்ளம் என்றால் கரை புரண்டு வருவது. மலையாளத்தில் குடிக்கும் தண்ணீர். பொள்ளாச்சிப் பக்கத்து ஊர்ப்பெயர்கள் பல பட்டி என்று முடியும். மலையாளத்தில் பட்டி என்றால் நாய். ஒலி ஒன்றே. எந்த மொழிக்குள் நின்று கேட்கிறோம் என்பதைப் பொறுத்துப் பொருள்.

நிரல் மொழிகளின் குறிகளும் அப்படியே. இரட்டைச் சாய்கோடு ஜாவாவில், ஜாவாஸ்கிரிப்ட்டில் குறிப்புரையின் தொடக்கம். அதன்பின் அந்த வரியில் உள்ளதை இயந்திரம் படிக்காது. பைத்தானில் அதே // மீதியை விட்டு வகுக்கும் கணக்கு. ஒற்றைச் சமக்குறி பைத்தானில் மதிப்பைக் கொடுப்பது. தரவுத்தளத்தைக் கேட்கும் மொழியான எஸ்க்யூஎல் வினவலின் நிபந்தனையில் ஒப்பிடுவது. ஒரு மொழியின் பழக்கத்தோடு இன்னொன்றுக்குள் நுழைபவர்கள் தடுமாறுவது இங்கேதான்.

பாலக்காட்டு வண்டிகளின் பதிவெண் கேஎல் 09. அந்த 09ஐ மேற்கோள்குறி இல்லாமல் எழுதிப் பாருங்கள். பைத்தான் 3 அதைச் சிண்டாக்ஸ் பிழை என்று மறுக்கும். எண்ணின் முன்னால் பூஜ்யம் கூடாது. தரவை எழுதி வைக்கும் ஜேசன் (JSON) வடிவக் கோப்பிலும் அது செல்லாது. கண்டிப்பு முறை இல்லாத பழைய ஜாவாஸ்கிரிப்ட் அதை 9 என்று ஏற்றுக்கொள்ளும்; ஆனால் 010 என்று எழுதினால் எட்டின் அடுக்கில் எண்ணி 8 என்று கொள்ளும். எக்செல்லில் தட்டினால் சத்தமில்லாமல் 9 ஆகிவிடும். எழுதியது ஒன்றுதான். ஓர் இடத்தில் மறுப்பு வந்தது நல்லது; பேசாமல் 9 ஆக்கியதுதான் ஆபத்து. பதிவெண், பின்கோடு, தொலைபேசி எண், மாநிலக் குறியீடு போன்றவற்றைக் கூட்டிக் கழிக்கப் போவதில்லை. அவை எண் உருவில் இருக்கும் பெயர்கள். எப்போதும் மேற்கோள்குறிக்குள் எழுதுங்கள்.

அமைவுக் கோப்புகள்: பிழையே சொல்லாத பிழை

மென்பொருள் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்று எழுதிவைக்கும் கோப்பு அமைவுக் கோப்பு, பேச்சில் கான்ஃபிக் ஃபைல். அது நிரல் இல்லை என்பதால் அதற்கு இலக்கணம் இல்லை என்று பலர் நினைக்கிறார்கள். உண்டு, நிரலைவிடக் கண்டிப்பான இலக்கணமும் உண்டு.

ஜேசனை எடுத்துக்கொள்ளுங்கள்.

{
  "ஊர்": "கொழிஞ்சாம்பாறை",
  "மாநிலம்": "32",
}

பார்க்க அழகாக இருக்கிறது. ஆனால் "32"க்குப் பின் உள்ள காற்புள்ளி இந்தக் கோப்பைச் செல்லாததாக்குகிறது. பைத்தான் பட்டியலில் கடைசிக் காற்புள்ளிக்கு அனுமதி உண்டு, ஜேசனில் இல்லை. ஒற்றை மேற்கோள்குறிக்கும் இடமில்லை, குறிப்புரைக்கும் இடமில்லை. கடைசி வரியை நீக்கும்போதுதான் இந்தப் பிழை அதிகம் பிறக்கிறது. வரி போய்விடும், மேல்வரியின் காற்புள்ளி மிஞ்சிவிடும்.

ஜேசனில் ஒரு நிம்மதி, தப்பென்றால் உடனே சொல்லிவிடும். யாமல் (YAML) என்ற இன்னொரு அமைவுக் கோப்பு வடிவம் அப்படி இல்லை. யாமலில் உள்தள்ளல், அதாவது வரியின் தொடக்கத்தில் விடும் இடைவெளிதான் அமைப்பு.

கடை:
  ஊர்: பொள்ளாச்சி
  வரி:
    மாநிலம்: "33"
    விகிதம்: 5

இதில் "விகிதம்" என்பது "வரி" (டாக்ஸ்) என்ற தலைப்பின் கீழ் வருகிறது. அந்த ஒரு வரியை 2 இடம் இடப்பக்கம் தள்ளிவிட்டால் விகிதம் கடையின் நேர்ப்பிள்ளை ஆகிவிடும். கோப்பு இன்னும் முழுச் செல்லுபடி. எந்தப் பிழைச் செய்தியும் வராது. மென்பொருள் "வரி" என்ற தலைப்பின் கீழே விகிதத்தைத் தேடும், கிடைக்காது, தன்னிடம் உள்ள இயல்பு மதிப்பை எடுத்துக்கொண்டு போய்க்கொண்டே இருக்கும். மாற்றினேன், மாறவே இல்லை என்ற புகாரின் பின்னால் அடிக்கடி இருப்பது இந்த 2 இடைவெளி.

யாமலில் உள்தள்ளலுக்கு டேப் விசை கூடவே கூடாது, ஸ்பேஸ் மட்டும்தான். முக்காற்புள்ளிக்குப் பின் ஓர் இடைவெளி கட்டாயம். "ஊர்:பொள்ளாச்சி" என்று ஒட்டி எழுதினால் அது ஒரே நீளச் சொல்.

இன்னும் நுணுக்கமான பொறி பேருந்து நேரத்தில் தெரியும். யாமல் 1.1 விதியின்படி 10:30 என்று மேற்கோள்குறி இல்லாமல் எழுதினால் அது அறுபதடிமான எண்: 10ஐ 60ஆல் பெருக்கி 30ஐக் கூட்டி 630. ஆனால் 06:30 பூஜ்யத்தில் தொடங்குவதால் எழுத்தாகவே நிற்கும். ஒரே பட்டியலில் காலை வண்டி நேரமாகவும், பத்தரை மணி வண்டி 630 ஆகவும் வந்து நிற்கும். ஆங்கிலத்தில் எழுதும் யெஸ், நோ, ஆன், ஆஃப் ஆகிய சொற்களையும் அதே விதி ஆம், இல்லை என்ற தர்க்க மதிப்பாக மாற்றிவிடும். 2009இல் வந்த 1.2 பதிப்பு இவற்றைக் கைவிட்டது. ஆனால் யாமலைப் படிக்கப் பைத்தானில் பரவலாகப் பயன்படும் பையாமல் என்ற நூலகம் இன்றும் 1.1 விதியைத்தான் பின்பற்றுகிறது. ஆகவே நேரத்தையும் இந்தச் சொற்களையும் மேற்கோள்குறிக்குள் இடுவதே பாதுகாப்பு.

அமைவுக் கோப்பைப் பற்றிச் சுருக்கமாக: ஜேசன் கத்திச் சொல்லும், யாமல் பல நேரம் பேசாமல் வேறொன்றாகப் புரிந்துகொள்ளும். இரண்டாவதில் பிழைச் செய்தி இல்லை என்பதைச் சரி என்று எடுத்துக்கொள்ளக் கூடாது.

கண்ணுக்குத் தெரியாத எழுத்துகள்

வேர்டில் எழுதி ஒட்டிய நிரல், ஐபோனில் தட்டி அனுப்பிய நிரல், இவற்றில் நேர் மேற்கோள்குறி தானாக வளைந்த மேற்கோள்குறியாக மாறியிருக்கலாம். மனிதக் கண்ணுக்கு இரண்டும் ஒன்று; இயந்திரத்துக்கு வளைந்தது முன்பின் தெரியாத எழுத்து. இணையப் பக்கத்திலிருந்து நகலெடுத்தால் முறியா இடைவெளி என்ற வேறுவகை ஸ்பேஸ் கூடவே வரலாம். தமிழ், மலையாளத் தட்டச்சு முறைகள் சில, அகலமே இல்லாத இணைப்புக் குறிகளையும் நடுவில் நுழைத்துவிடும். வரி சரியாக இருக்கிறது, ஆனாலும் ஏற்க மறுக்கிறது என்றால் அந்த வரியை அழித்துவிட்டுக் கையால் புதிதாகத் தட்டுங்கள். முறைத்துப் பார்ப்பதைவிட இது விரைவில் முடியும். விஎஸ் கோட் போன்ற திருத்திகள் இத்தகைய எழுத்துகளைக் கட்டம் போட்டுக் காட்டும்.

வழுவமைதி

வழுவாக இருந்தாலும் ஒரு காரணம் பற்றி ஏற்றுக்கொள்வதை வழுவமைதி என்போம். பசுவைப் பார்த்து "என் அம்மை வந்தாள்" என்பது அப்படி. வலைப்பக்கம் எழுதும் மொழியான எச்டிஎம்எல்லைப் படிக்கும் உலாவி அந்த மனம் கொண்டது. மூடாத பத்திக்குறியைத் தானே மூடிக்கொள்ளும். தப்பான கோப்பை எப்படிச் சமாளிக்க வேண்டும் என்பதையும் எச்டிஎம்எல் தரமே வகுத்திருக்கிறது. பக்கத்தின் தோற்றத்தைச் சொல்லும் சிஎஸ்எஸ்ஸில் ஓர் அரைப்புள்ளி விட்டுப்போனால், அந்த வரியும் அடுத்த வரியும் சேர்ந்து ஒரே வரியாகப் படிக்கப்பட்டு இரண்டுமே பயனற்றுப் போகும். பக்கம் மட்டும் திறக்கும். வலைப்பக்கத்தில் தொடங்கி நிரலுக்கு வருபவர்கள் இந்தத் தாராளத்தைப் பழகிவிட்டு, பைத்தானின் கண்டிப்பைக் கொடுமை என்று நினைக்கிறார்கள். உண்மையில் எதையும் மறைக்காத கண்டிப்பு புதியவர்களுக்கு நன்மை.

சோதித்த பிறகே ஏற்றுங்கள்

சர்வரில் அமைவுக் கோப்பைத் தொடும்போது வரிசை இது. முதலில் பழைய கோப்புக்கு ஒரு நகல். பிறகு ஒரே ஒரு மாற்றம். பிறகு வடிவச் சோதனை. பிறகுதான் மறுஏற்றம். சோதனைக்குக் கருவி ஏற்கெனவே உள்ளே இருக்கிறது: வலைத்தளத்தை வழங்கும் என்ஜின்எக்ஸுக்கும் (nginx), தொலைவிலிருந்து உள்நுழைய விடும் எஸ்எஸ்எச்டிக்கும் (sshd) சிறிய டி எழுத்தைக் கோடிட்டு (-t) கொடுத்தால் போதும், ஜேசனுக்குப் பைத்தானோடு வரும் ஜேசன் டூல், லினக்ஸில் நிர்வாகி உரிமை யாருக்கு என்று சொல்லும் சுடோ அனுமதிக் கோப்புக்கு விசுடோ, அது வடிவம் குலைந்திருந்தால் சேமிக்கும் முன்பே எச்சரிக்கும்.

என்ஜின்எக்ஸில் ஒரு குணத்தைத் தெரிந்துகொள்ள வேண்டும். தப்பான கோப்போடு மறுஏற்றம் செய்தால் அது புதியதை ஒதுக்கிவிட்டுப் பழைய அமைப்பிலேயே ஓடிக்கொண்டிருக்கும். தளம் திறக்கிறது, எல்லாம் நலம் என்று தோன்றும். சில வாரம் கழித்து மழைநாளில் மின்சாரம் போய் சர்வர் புதிதாகக் கிளம்பும்போது, அந்தக் கோப்பை முதல்முறையாக முழுதாகப் படிக்க வேண்டி வரும். அப்போது எழவே எழாது. அன்று தொட்டது என்ன என்று யாருக்கும் நினைவிருக்காது. எஸ்எஸ்எச்டியில் இன்னும் சிக்கல்: தப்பான கோப்போடு சேவையை மறுதொடக்கம் செய்தால் தொலைவிலிருந்து உள்ளே நுழையும் கதவே சாத்திக்கொள்ளும். அதனால் மாற்றம் செய்த சாளரத்தை மூடாமல் வைத்துக்கொண்டு, இரண்டாவது சாளரத்தில் புதிதாக உள்நுழைந்து பாருங்கள். அது திறந்தபிறகு முதலாவதை மூடலாம்.